விஷன் போர்டு: அச்சுக்குப் போகும் முன்

ஆசிரியருக்கு, வணக்கம்.

புத்தாண்டு நெருங்கினால் விஷன் போர்டு, அதாவது அடைய நினைப்பதையெல்லாம் படங்களாக ஒட்டி வைக்கும் பலகை, செய்ய எந்த ஏஐ செயலி நல்லது என்ற கேள்வி கிளம்பிவிடுகிறது. படம் அள்ளும் என்று மிட்ஜர்னியைக் கைகாட்டுபவர்கள் உண்டு. அள்ளும்தான். ஆனால் வீட்டுச் சுவரில் ஒட்டும் பலகைக்கு அழகை விட முக்கியம், நீங்கள் எடுத்த போட்டோவை வாங்கி, சொன்ன இடத்தை மட்டும் திருத்தித் தருகிறதா என்பது.

வெறுமனே ‘கனவு வீடு’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரிவுக்கூரையும் முன்புறப் புல்வெளியுமாக அமெரிக்கப் புறநகர் வீடு வரும். படம் வரையும் ஏஐ மாடல் பழகிய படங்களில் அவை அதிகம். அதற்குப் பதில், பார்த்து வைத்திருக்கும் மனையைப் போட்டோ எடுத்து ஜெமினியிலோ சாட்ஜிபிடியிலோ ஏற்றி, “இந்த மனையில் மொட்டைமாடியுடன் தரைத்தள வீடு, வாசலில் திண்ணை, இடப்பக்கம் வேப்பமரம், மாலை வெயில், சாலையையும் பக்கத்துச் சுவரையும் மாற்றாதே” என்று எழுதுங்கள். அடுத்தடுத்த திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மொத்தமாகச் சொன்னால் கேட்காத இடமும் மாறிப்போகும். முகம் இருக்கும் படத்தில் இன்னும் கவனம் வேண்டும். திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால் சாயல் விலகிக்கொண்டே போய், கடைசியில் உங்கள் ஒன்றுவிட்ட தம்பி நிற்பார். சாயல் மாறியது தெரிந்ததும் முதல் போட்டோவுக்கே திரும்பிவிடுவது நல்லது.

எதைப் படமாக்குவது என்பதற்கும் ஓர் ஆய்வு துணை இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஃபாம், டெய்லர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்குவதாகக் கற்பனை செய்த மாணவர்களை விட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் தேர்வில் மேலாகச் செய்தார்கள். ஆகவே பட்டமளிப்பு அங்கியை விட, விடியற்காலை 5 மணிக்கு விளக்கெரியும் படிப்பு மேசை பொருத்தமான படம். ஒரு சிக்கல்: மேசைமேல் இருக்கும் முள் கடிகாரம் அநேகமாக 10:10 காட்டும். கடிகார விளம்பரங்களில் முட்களை அப்படி வைத்தே படம் எடுப்பதால் மாடலுக்குத் தெரிந்த நேரம் அதுதான். உங்கள் கடிகாரத்தில் 5 மணி வைத்துப் போட்டோ எடுத்துச் சேர்ப்பது எளிது.

தமிழ் வாசகங்களைப் படத்துக்குள் எழுதச் சொல்லாதீர்கள். இந்தக் கருவிகள் எழுத்துருவை எடுத்துப் பதிப்பதில்லை, எழுத்தையும் படமாகவே வரைகின்றன. ‘கொ’, ‘பௌ’ போல இருபுறமும் குறி வரும் இடங்களில் ஒரு கொம்போ காலோ காணாமல் போகக்கூடும். “மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானம், எழுத்து வேண்டாம்” என்று கேட்டு வாங்கி, கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்துரு வைத்துத் தட்டச்சு செய்யுங்கள்.

அந்தரங்கம் பற்றியும் யோசிக்க வேண்டும். மிட்ஜர்னியில் உருவாக்கும் படங்கள், மாற்றி வைக்காவிட்டால் பிறர் பார்வைக்கு வரும். மறைக்கும் வசதி விலை கூடிய சந்தாக்களில்தான். குழந்தைகளின் முகத்தை எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம், ஸ்டுடியோ பிரிண்டையே ஒட்டிவிடலாம். எதுவும் வெளியே போகக் கூடாது என்பவர்களுக்கு, சொந்தக் கணினியில் ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ இருக்கிறது. 8 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வேலை நடக்கும். ஒரே ஒரு பலகைக்காக அதை வாங்குவது வீண்செலவு.

கடைசியாக அச்சு. பல செயலிகள் தருவது 1024 பிக்சல் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது சுமார் 3.4 அங்குலம்தான். ஏ4 தாள் முழுக்க ஒரே படம் வேண்டுமானால் 2480 × 3508 பிக்சல் தேவை. இழுத்துப் பெரிதாக்கினால் முகமும் விரல்களும் குழையும். அதனால் ஏ3 தாளில் எட்டுச் சிறு படங்களாக அடுக்குவது மேல். பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும் என்பதால், முதலில் ஒரு சிறு துண்டு மட்டும் அச்சிட்டுப் பார்த்து, பிறகு முழுத்தாளுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.