ஹம்மாமெட்டிலிருந்து அப்பாவுக்கு

ஹம்மாமெட், துனீசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாரிஸிலிருந்து அக்கா குடும்பத்தோடு நீங்களும் அம்மாவும் ஆகஸ்டில் இங்கே வர நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலைத் தொடக்கத்திலேயே வருமானால் அப்போதே புறப்படுங்கள். ஆகஸ்டில் ஐரோப்பியர்களோடு அல்ஜீரியர்களும், பிரான்சில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் துனீசியர்களும் சேர்ந்துகொள்வதால் கடற்கரையில் குடை விரிக்க இடம் கிடைப்பதில்லை. வெயிலும் கடுமை, ஜெல்லி மீன்களின் தொல்லையும் உண்டு.

கடலைப் பற்றி அம்மா அஞ்ச வேண்டியதில்லை. நம் புதுச்சேரிக் கடல்போல் இது எந்நேரமும் அலையடித்துக்கொண்டிருக்காது. காற்றில்லாத நாட்களில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்திருக்கும் கடற்புல்லைக் கண்டு, ஹோட்டல்காரர்கள் பெருக்கவில்லை என்று வெள்ளைக்காரர்கள் குறைப்படுவார்கள். உண்மையில் மணல் அரித்துப் போகாமல் காப்பது அதுதான்.

மூன்று வேளைச் சாப்பாடும் பானங்களும் அடங்கிய கட்டணத்தில்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அதற்கு அடையாளமான பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, நீச்சல்குளத்தை விட்டு நகராமல் ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நீங்கள் அப்படி இருக்கக் கூடாது. மதில் சூழ்ந்த பழைய நகரமான மதீனாவின் சந்துகளில் காலையில் நடக்கலாம். வெள்ளிக்கிழமையானால் பக்கத்து ஊரான நாபல் சந்தையில் மட்பாண்டங்கள் வாங்கலாம், பாதி விலையிலிருந்து பேரம் தொடங்குங்கள். ஒரு நாளை ஒதுக்கினால் எல் ஜெம் ஊரில் 3ஆம் நூற்றாண்டு ரோமானிய அரங்கைக் காணலாம். 1881 முதல் 1956 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடாகையால் உங்கள் பிரெஞ்சு எங்கும் செல்லும். அக்காவைவிட நீங்கள்தான் அதிகம் பேசப்போகிறீர்கள். மாலையில் ஆண்கள் காதில் மல்லிகைச் செண்டு செருகிக்கொண்டு நடப்பதைக் கண்டு அம்மா சிரிக்காமல் இருந்தால் சரி.

சாப்பாட்டில் காரம் குறையாது. ஹரீசா என்னும் மிளகாய் விழுது எல்லா மேசையிலும் இருக்கும். அம்மாவின் விரத நாட்களில் மட்டும் கவனம் தேவை. காய்கறி சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீனை வைத்துவிடுவார்கள், குஸ்குஸ் என்னும் கோதுமைக் குருணை உணவைக் காய்கறியோடு கேட்டாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2015 ஜூனில் சூஸ் நகருக்கு அருகே கடற்கரை ஹோட்டலில் 38 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்கள் மறக்காமலிருப்பது நியாயமே. அதன்பின் காவல் பலமடங்கு கூடியது. ஹோட்டல் வாயில்களில் பைகளையும் வண்டிகளையும் சோதிக்கிறார்கள். நான் இரவில் கடைத்தெருவுக்குப் போய் வருவதில் எந்த அச்சமும் இல்லை.

துனீசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே எடுத்துச் செல்லவோ சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே யூரோவாகவே கொண்டுவந்து இங்கே சிறிது சிறிதாக மாற்றுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தினால் மீதியைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். தேதி உறுதியானதும் எழுதுங்கள், கோடையில் விடுப்புக்கு நான் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தங்கள் அன்பு மகள்