எட்டுப் படம் பாக்கி என்றாயே

அன்புத் தங்கைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியை இரண்டு தடவை படித்தேன். "எட்டு நாள் பாக்கி இருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாத்தையும் முடிச்சிட்டுக் குழுவுக்கு வர்றேன்" என்று எழுதியிருந்தாய். அந்தப் 'பாக்கி' என்ற சொல் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. தினம் ஒரு சொல் தந்து அதற்கு ஒரு மைப்படம் வரையச் சொல்லும் நம் குழுவின் சவாலில் சேர்ந்து பாதியில் நின்றுபோனவர்கள் உன்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் உன் பெயரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படியே இதை எழுதுகிறேன்.

அது கடன் இல்லை, தங்கை. திருப்பிக் கொடுப்பதற்கு நீ யாரிடமும் எதுவும் வாங்கவில்லை.

நீ செய்யப்போவதாகச் சொல்வதை நான் முதல் வருடமே செய்து பார்த்துவிட்டேன். ஆறு நாள் விட்டுப்போயிருந்தது. ஒரே ராத்திரியில் ஆறு படம் வரைந்தேன். முதல் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது, கடைசிப் படத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறிலும் ஒரே மாதிரிக் குறுக்குக் கோடு, ஒரே மாதிரி நிழல். எதையும் பார்த்து வரைந்தது போலவே இல்லை. அந்த மாதம் முழுக்க அதற்கப்புறம் நான் பேனாவைத் தொடவில்லை. விட்டுப்போன ஆறு நாளால் நான் நிற்கவில்லை. அதை அடைக்கப் போனதில்தான் நின்றேன்.

அக்டோபரில் நாளுக்கு ஒரு மைப்படம் வரையும் இன்க்டோபரை ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009-இல் தொடங்கினார். தன் மை வேலையைத் தேற்றிக்கொள்ளவும், வரையும் பழக்கம் வரவும் தனக்காகவே ஆரம்பித்தது அது. 31 நாள், 31 படம் என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரையலாம், வாரத்துக்கு ஒன்று வரைந்தாலும் சரி என்று அவரே சொல்லியிருப்பது பலருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் 24 பக்கப் படக்கதை ஒன்றை முடிக்கும் சவாலை 1990-இல் ஸ்காட் மெக்கிளவுட் என்ற படக்கதைக் கலைஞர் உருவாக்கினார். முடிக்க முடியாதவர்களுக்கும் அதில் அவர் இடம் வைத்தார். நேரம் முடிந்ததும் கையில் இருக்கும் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் நேரம் தாண்டினாலும் 24 பக்கத்தையும் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். இரண்டையும் கண்ணியமான தோல்வி என்றே அவர் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

நவம்பரில் 30 நாளில் 50,000 சொல் எழுதும் நாவல் சவாலில் கணக்கு நிஜமாகவே சேர்ந்துகொண்டு போகும். நாளுக்கு 1,667 சொல் வீதம் எட்டு நாள் எழுதிவிட்டு அடுத்த எட்டு நாளை விட்டவர், மீதி நாட்களில் தினமும் 2,600-க்கு மேல் எழுத வேண்டியிருக்கும். அங்கே மொத்தம்தான் இலக்கு. நம் குழுவில் இலக்கு இன்றைய சொல்லும் இன்றைய தாளும்தான். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது போலத்தான் இதுவும். எதை வரைவது என்ற கவலையை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். முந்தாநாள் தந்த ஈற்றடிக்கு இன்று வெண்பா கேட்டு யாரும் காத்திருக்கவில்லை.

சரி, நீ ஏன் எட்டாம் நாளோடு நின்றாய் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அன்றைய சொல் 'பூட்டு'. நீ இடக்கைக்காரி. இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போனதில், ஈரம் காயாத மை உள்ளங்கையில் ஒட்டி, பூட்டின் வளையம் முழுக்க இழுபட்டுவிட்டது. படத்துக்குக் கீழே "மன்னிச்சிடுங்க, கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தாய். யாரும் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லையே!

அந்தப் படத்தை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாவித் துவாரத்தை நீ கோடு போட்டு வரையவே இல்லை. சுற்றிலும் கறுப்பை நிரப்பி, நடுவில் வெள்ளைத் தாளை அப்படியே விட்டிருக்கிறாய். உள்ளே எங்கோ விளக்கு எரிகிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருடம் வரைகிற எனக்கு அது தோன்றியிருக்காது. இழுபட்ட மையை மட்டும் பார்த்துவிட்டு இதை நீ பார்க்காமல் விட்டுவிட்டாய்.

கைக்கு வழி இருக்கிறது. வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது பக்கமாக வா. உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள். அடர்த்தியாகக் கறுப்பு நிரப்பும் இடங்களைக் கடைசிக்கு விடு, அவை காய நேரம் பிடிக்கும். தாளும் சின்னதாக இருக்கட்டும். ஏ4 தாளை நான்காக வெட்டினால் போதும், இருபது நிமிடத்தில் முடிக்கலாம். அப்புறம், குழுவில் காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதே. "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "நிழல் எந்தப் பக்கம் இடிக்குது?" என்று கேட்டுப் பார். படத்தை உற்றுப் பார்த்துச் சொல்வார்கள்.

நோட்டில் 9 முதல் 16 வரைக்கும் பக்கம் விட்டு வைக்காதே. பூட்டுக்கு அடுத்த பக்கத்திலேயே 17 என்று போடு. இன்றைய சொல் 'ஏணி'. படிகளுக்கு நடுவில் எத்தனை வெள்ளை இடம் இருக்கிறது, பார்த்தாயா? நான் ஒன்பது மணிக்கு உட்காருகிறேன். நீயும் வா.

அன்புடன்,
அக்கா