மண்டியாவுக்கு அரை மூட்டை அரிசி

அன்புள்ள தம்பிக்கு,

காவிரிப் பேச்சு கிளம்பினதில் இருந்து ரூமில் இருக்கிற கர்நாடகத்து மண்டியாக்காரப் பையனோடு நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். போனில் உன்னோடு வாதாட முடியாது, பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோபப்படாதே, உங்கள் இரண்டு பேருக்கும் வயல் வேலை தெரியாது, அதனால்தான் இவ்வளவு ரோஷம். 1991இல் பெங்களூரில் தமிழர் வீடும் கடையும் எரிந்ததே, 2016இல் பஸ்களைக் கொளுத்தினார்களே, அன்றைக்குத் தீ வைத்தவன் எவனும் காலையில் மடை திறந்துவிட்டு வந்தவனாக இருக்கமாட்டான் என்பது என் எண்ணம்.

2003இல் நீ ரொம்பச் சின்னப் பையன். அதற்கு முந்தின வருஷம் ஜூன் 12க்கு மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, குறுவை நெல் போச்சு, ஊரே வெறிச்சென்று கிடந்தது. அந்த நேரத்தில்தான் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் நம்ம விவசாயிகள் தலைவர் மன்னார்குடி ரங்கநாதன், அந்தப் பக்கம் கர்நாடக விவசாயிகள் தலைவர் புட்டண்ணையா போன்றவர்கள். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பேர். அவர்கள் வந்து டெல்டாவில் வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்தார்கள், நம்மவர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள்.

போய்வந்த ஒருத்தர் டீக்கடையில் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வீட்டில் கேழ்வரகுக் களி உருண்டையும் கொள்ளுச் சாறும் வைத்திருக்கிறார்கள், இவர் சோறு மாதிரி மென்று மென்று திண்டாட, அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே கிள்ளி, சாறில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிக் காட்டினாளாம். அப்புறம் பேச்சு எங்கே போச்சு தெரியுமா? ஏக்கருக்கு எத்தனை மூட்டை, உரம் என்ன விலை, கரும்பு ஆலைக்காரன் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான். ஆலைப் பாக்கி என்றதும் நம்ம ஊர்த் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது என்றார்.

சரி, அதனால் தண்ணீர்ப் பங்கு முடிவாகிவிட்டதா என்று நீ கேட்பாய். இல்லை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் நமக்கு 419 டி.எம்.சி. என்றது (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது, கணக்குப் போட்டதெல்லாம் கோர்ட்தான். ஆனால் மழை பெய்கிற வருஷம் சண்டையே கிடையாது, கவனித்திருக்கிறாயா? பொய்த்த வருஷத்தில் நஷ்டத்தை யார் எவ்வளவு தாங்குவது என்பதுதான் தகராறு. எதிராளியின் காய்ந்த வயலை ஒருமுறையாவது பார்க்காதவன் அந்தப் பேச்சில் உட்காரவே லாயக்கில்லை, கட்சிக்காரனாக இருந்தாலும் சரி, டிவியில் கத்துகிறவனாக இருந்தாலும் சரி.

அந்தப் பையனின் அப்பாவும் விவசாயி என்கிறாய். அவர்கள் பக்கத்துக் கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பினால் 124.80 அடி, நம்ம மேட்டூர் நிரம்பினால் 120 அடி. அவர் அதைப் பார்ப்பார், நான் இதைப் பார்ப்பேன், பேப்பரைப் பிரித்ததும் இரண்டு பேர் கண்ணும் அந்த எண்ணைத்தான் தேடும்.

பொங்கலுக்கு இங்கே வருவதற்கு முன்னால் ஒருநாள் அவன் ஊருக்குப் போய்விட்டு வா. சங்கராந்திக்கு எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து கரும்புத் துண்டோடு வீடு வீடாகக் கொடுப்பார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள். நம்ம மாப்பிள்ளைச் சம்பா அரை மூட்டை லாரியில் போட்டிருக்கிறேன், அவர்கள் வீட்டுக்குத்தான், நீ பிரிக்காதே. முதல் நாள் ராத்திரியே ஊறப்போடச் சொல், இல்லாவிட்டால் வேகாது, பழி நம்ம நெல் மேல் விழும். கேழ்வரகை விதைக்கிறார்களா, நாற்றுவிட்டு நடுகிறார்களா என்று அவன் அப்பாவிடம் கேட்டு வை. மேட்டுக்கொல்லை சும்மாதான் கிடக்கிறது. இரண்டு கிலோ மாவும் வாங்கி வா, அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை.

அன்புடன்,
அப்பா