லேபிளை வெட்டாதீர்கள்: திருகோணமலை உடுப்புக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிரதான வீதி, என்.சி. வீதி, குறுக்குத் தெருக்கள் என்று நகரமெங்கும் உடுப்புக்கடை வைத்திருக்கும் முதலாளிமார் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். நான் அன்புவழிபுரத்தில் வீட்டோடு இருந்து சாறிப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். பெண்களுக்கு அளவெடுப்பதே என் பிழைப்பு, அதனால் பிரா என்ற சொல்லை எழுத எனக்குக் கூச்சமில்லை. வாசிக்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கடையைப் பூட்டிய பிறகு வாசியுங்கள்.

போன மாதம் உங்களில் ஒருவரின் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். வாசலில் மலிவு விலைப் பெட்டி இரண்டு, ஒன்று பெரியவர்களுக்கு, மற்றது சின்னப் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் பெட்டியில் பெனியன்களுக்கு அடியில் நல்ல பருத்தியில் பிரா ஒன்று கிடந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, அது என் அளவு. லேபிளில் 14சி. "தம்பி, இது ஏன் இதுக்குள்ள கிடக்கு?" என்று கேட்டேன். "அக்கா, அது பதினாலு வயசுக்கு" என்றான் அந்தப் பையன், என் முகத்தைப் பார்க்காமல் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்து.

வயசு இல்லை தம்பி, அது அவுஸ்திரேலியா! அங்கேயும் நியூசிலாந்திலும் பிராவுக்கு 8, 10, 12, 14 என்று சட்டைக்குப் போடுவது போல இலக்கம் போடுவார்கள். இலக்கம் முதுகைச் சுற்றும் பட்டிக்கு, பக்கத்தில் வரும் சி போன்ற எழுத்து மார்பை ஏந்தும் கப்புக்கு. அவர்களுடைய 12 நாம் சொல்லும் 34, அவர்களுடைய 14 நாம் சொல்லும் 36. வாங்கிக்கொண்டு வந்தேன், மலிவாகவும் கிடைத்தது. அவன் அதைப் பழைய பேப்பரில் மூன்று சுற்றுச் சுற்றி, கருவாடு கட்டுவது போலக் கட்டித் தந்தான். சரி, அது வேறு கதை.

என் தங்கச்சியின் கதை இதைவிட மோசம். பரிசில் இருக்கும் சித்தி ஊருக்கு வர முன்னம் போனில் அளவு கேட்டா. இவள் 38 என்றாள். சித்தி கணக்கில் கெட்டிக்காரி, ஓர் இஞ்சி 2.54 சென்ரிமீற்றர், 38ஐப் பெருக்கினால் 96.5, ஆகவே 95 என்று போட்ட பிராவில் அரை டசின் வாங்கிக்கொண்டு வந்துவிட்டா. ஒன்றில்கூடக் கொழுக்கி எட்டவில்லை. ஏனென்றால் பிரான்ஸின் 95 நம்முடைய 36. இவளுக்கு வேண்டியது 100. இதே சித்தி ஜேர்மனியில் இருந்து அங்கே 95 வாங்கியிருந்தால் அது நம்முடைய 42 ஆக இருந்திருக்கும், முதுகில் நழுவிக்கொண்டு போயிருக்கும். எல்லையைத் தாண்டினால் அதே 95க்கு வேறு அர்த்தம்.

இது ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கடைப் பிள்ளைகளும் சித்தி மாதிரித்தான் கல்குலேற்றரை எடுக்கிறார்கள். ஜேர்மனி பக்கம் போடும் 75 என்பது மார்புக்குக் கீழே நாடாவைப் பிடித்தால் வரும் உண்மையான சுற்றளவு, சென்ரிமீற்றரில். பிரான்ஸும் ஸ்பெயினும் அதோடு 15ஐக் கூட்டி 90 என்று எழுதுகின்றன. நாம் சொல்லும் 34 லண்டன் இலக்கம், அது பழைய தையல் வழக்கத்தில் வந்தது. கீழ்ச்சுற்று 30 இஞ்சி என்றால் நான்கைக் கூட்டி 34 என்பார்கள். ஆகவே 34 இஞ்சி நீளமான எதுவுமே அந்த பிராவில் இல்லை! 75ஐ 2.54ஆல் வகுத்தால் வருவது முப்பதுக்குக் கிட்ட, 90ஐ வகுத்தால் முப்பத்தைந்துக்குக் கிட்ட, இரண்டுமே 34 இல்லை. வகுத்தும் பெருக்கியும் சரிவராது, அட்டவணையைப் பார்த்தே ஆகவேண்டும். இப்போது பிரித்தானியாவிலேயே சில கடைகளில் நான்கைக் கூட்டுவதில்லை, அங்கே போனால் அதே பெண்ணுக்கு வேறு இலக்கமும் வேறு எழுத்தும் சொல்வார்கள். நல்ல வேடிக்கை.

எழுத்துக்கும் இதே கூத்துத்தான். டி வரைக்கும் லண்டன், ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 1932இல் அமெரிக்காவில் கேம்ப் என்ற கம்பனி கப்புக்கு எழுத்துப் போடத் தொடங்கியபோது ஏ முதல் டி வரைதான் போட்டது. அதற்கு மேலே ஆளுக்கொரு வழி. லண்டனில் டி, டபுள் டி, ஈ, எஃப், டபுள் எஃப் என்று போகும். ஐரோப்பாவில் இரட்டை எழுத்தே கிடையாது, டிக்கு அடுத்தது ஈ. அமெரிக்காவில் மூன்று டி கூட உண்டு, அது லண்டனில் ஈ, ஜேர்மனியில் எஃப். ஜப்பான்காரர் எழுத்தை முன்னால் போட்டு பி 75 என்பார்கள், அவர்களுடைய பி மற்றவர்களின் ஏ அளவுக்குத்தான் வரும். பெரிய கப் தேவைப்படும் பெண்கள்தான் இதில் அதிகம் அலைகிறார்கள், அவர்கள்தான் வாய் திறந்து கேட்கவும் கூசுகிறார்கள்.

அப்புறம் ஒரு பழக்கம், எல்லாக் கடைகளிலும் பார்த்திருக்கிறேன். 34சி கேட்டால், இல்லை, 36சி எடுங்கோ என்று நீட்டுவது. பட்டியும் பெரிது, கப்பும் பெரிது, அது எப்படிப் பொருந்தும்? பட்டி ஓர் அளவு கூடினால் எழுத்து ஒன்று இறங்கவேண்டும். 34சியின் கப் கொள்ளும் அளவு 36பியிலும் 32டியிலும் இருக்கும். அவசரத்துக்கு அதைக் கொடுக்கலாம். அதுவும் அவசரத்துக்குத்தான், ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது முதுகுப் பட்டி. அது தளர்ந்தால் பாரமெல்லாம் தோளுக்குப் போகும். என்னிடம் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருபவர்களின் தோளில் நீளமாக இரண்டு பள்ளம் தெரியும், உளுந்து மாவில் விரலால் இழுத்தது போல. அளவெடுக்க முன்னமே எனக்கு விஷயம் விளங்கிவிடும். புது பிரா கடைசிக் கொழுக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், இறுக்கமாக நிற்கவேண்டும். இலாஸ்ரிக் இழுபட இழுபட உள் வரிசைக்கு மாற்றலாம். கடையிலேயே உள் வரிசையில் மாட்டினால்தான் பிடிக்கிறது என்றால் அது அவளுடைய அளவு இல்லை.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்த நாட்டுத் தொழிற்சாலைகளில் தைக்கும் பிரா உலகமெல்லாம் போகிறது, மிச்சம் விழுவது உங்கள் கடைக்கு வருகிறது. கட்டுநாயக்கப் பக்கம் லைனில் வேலை செய்த என் மச்சாள் சொல்லுவாள், விரல் நகம் அளவு வெள்ளைத் துணியில் யூகே 36, ஈயூ 80, எஃப்ஆர் 95, ஏயூ 14 என்று வரிசையாக அச்சடித்திருக்கும் என்று. பிரித்தானியா, ஜேர்மனி பக்கம், பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்று எல்லா நாட்டு அளவும் அதிலேயே இருக்கிறது! ஆனால் கம்பனிப் பெயர் தெரியக்கூடாதென்று கத்தரிக்கோலை வைக்கும்போது அந்தத் துண்டையும் சேர்த்து நறுக்கிவிடுகிறார்கள். என் கையில் இருக்கும் ஒன்றில் தையலோரம் இரண்டு நூலும் ஒரு 9ம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 9க்குப் பிறகு பூச்சியமா ஐந்தா, யாருக்குத் தெரியும்? பெயர்த் துண்டை வெட்டுங்கள், அது உங்கள் வியாபாரம். அளவுத் துண்டை விடுங்கள். வெட்டி வரும் சரக்கென்றால், வாங்கும்போதே மொத்த வியாபாரியிடம் எந்த நாட்டு அளவு என்று கேட்டு ஒரு ஸ்ரிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

நாடா ஒன்றும் வாங்கி வையுங்கள், அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெண் பிள்ளையிடம் கொடுங்கள், திரை போட்ட ஒரு மூலையும் வேண்டும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பெண்கள் சுவரில் "உள்ளாடைகள் மாற்றித் தரப்படமாட்டாது" என்ற பலகையை வாசித்துவிட்டு, காசாளரிடம் வாய் திறக்காமல், கைக்கு வந்த இலக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாற்றித் தரமாட்டீர்கள் என்பது நியாயம், சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் முதல் தரமே சரியானதைக் கொடுக்கவேண்டாமா?

அட்டவணை எழுதப் பெரிய அட்டைகூடத் தேவையில்லை. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்ற ஒழுங்கில் 32க்கு 70, 85, 10. 34க்கு 75, 90, 12. 36க்கு 80, 95, 14. 38க்கு 85, 100, 16. பட்டி இலக்கத்துக்கு அமெரிக்காவும் இந்தியாவும் பிரித்தானியா மாதிரியே. நான்கு வரி, காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும், மின்விசிறியைப் பார்க்கும் தம்பிமாரும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத நேரமில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன். உங்கள் கடைப் பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்கவும் காட்டித் தருவேன், ஒரு மணித்தியாலம் போதும், காசு வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குத் தையல் குறைவு. நாடா நான் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
அன்புவழிபுரத்துத் தையல்காரி