ஆட்டுக்குட்டிகள் துள்ளாத சிம்பொனி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலேய இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். மேற்கத்தியச் செவ்வியல் இசை என்றாலே பாக், மொசார்ட், பீத்தோவன் ஆகிய மூவரோடு நின்றுவிடும் நம் பத்திரிகைகளில் அவருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம். ‘தி லார்க் அசெண்டிங்’ என்னும் அவருடைய வயலின் படைப்பைப் பற்றிய பகுதி அருமையாக அமைந்திருந்தது. தாளக்கட்டை உதறிவிட்டு வயலின் தனியே மேலேறிச் செல்லும் அதன் தொடக்கத்தை நம் ஆலாபனையோடு ஒப்பிட்டதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அவருடைய மூன்றாவது சிம்பொனியைக் ‘கிராமிய அமைதியின் ஓவியம்’ என்று ஒரே வரியில் கடந்து சென்றிருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதற்குக் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சிம்பொனியின் பெயரே ‘பாஸ்டரல்’, அதாவது மேய்ச்சல் நிலத்துக்குரியது. எழுதியவரோ, 1903இல் எஸ்ஸெக்ஸ் கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவர் பாடக் கேட்டதிலிருந்து தொடங்கி, பத்தாண்டுகளில் 800க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டியவர். 1922 ஜனவரி 26 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் இதை முதன்முதலாக நடத்தியபோது, கேட்டவர்கள் புல்வெளியையும் மந்தையையும் கற்பனை செய்துகொண்டதில் வியப்பில்லை. வாகன் வில்லியம்ஸின் இசை வேலிப் படலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கும் பசுவைப் போல் இருக்கிறது என்று அக்கால இசையமைப்பாளர் பீட்டர் வார்லாக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். நல்ல நகைச்சுவைதான், மூன்றாவது சிம்பொனிக்குச் சற்றும் பொருந்தாது.

முதல் உலகப் போர் மூண்டபோது வாகன் வில்லியம்ஸுக்கு வயது 41. வீட்டில் இருந்துகொண்டு இசை எழுதியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த ஆண்டு முடிவதற்குள் இராணுவ மருத்துவப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916இல் வடக்குப் பிரான்சில் அராஸ் நகருக்கு அருகிலுள்ள எக்வாவ்ர் என்னும் சிற்றூரில் தங்கி, இரவுதோறும் ஆம்புலன்ஸ் வண்டியில் போர்முனைக்குச் சென்று காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார். பாடகர்கள் இல்லாமல் வாத்தியங்களுக்கு மட்டுமான ஒரு சிம்பொனி எழுதும் எண்ணத்தைத் தமக்குத் தூண்டிய நண்பர் ஜார்ஜ் பட்டர்வொர்த்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சோம் போரில் இழந்தார். பட்டர்வொர்த்துக்கு அப்போது 31 வயதுதான். மூன்றாவது சிம்பொனி அந்த எக்வாவ்ர் நாட்களில் மனத்தில் ஊறியது என்றும், அது போர்க்கால இசையே தவிர, பலரும் நினைப்பதுபோல் ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடும் இசை அல்ல என்றும் பின்னாளில் 1938இல் எழுதிய கடிதமொன்றில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். வண்டி ஏறிச் சென்ற மேட்டிலிருந்து தெரிந்த அந்திவானத்தின் அழகையும் அதே கடிதத்தில் நினைவுகூர்கிறார். அவ்வளவு அழகான நிலத்தில்தான் பிணங்கள் கிடந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், இந்த இசையின் பசுமை வேறு நிறம் கொள்கிறது.

இதற்குச் சான்று சிம்பொனியின் இரண்டாம் பகுதியிலேயே இருக்கிறது. முகாமில் பியூகிள் என்னும் இராணுவ ஊதுகுழலை ஊதிப் பழகிக்கொண்டிருந்த ஒரு வீரர், மேல் சுரத்தை எட்ட முயன்று அடிக்கடி அதற்கு ஒரு படி கீழே விழுந்தாராம். அந்த ஒலி வாகன் வில்லியம்ஸின் நினைவில் தங்கிவிட்டது. பள்ளி நாட்களில் என்.சி.சி. அணியில் பியூகிள் ஊதியவன் என்பதால் இது எனக்கு நன்றாகப் புரிகிறது. பியூகிளில் அழுத்துவதற்கு எதுவும் கிடையாது; உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் சுரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மேல் ஷட்ஜத்துக்குப் போக நினைத்து உதடு சற்றே தளர்ந்தால், நமது கைசிகி நிஷாதத்தைவிடவும் கொஞ்சம் தாழ்ந்த, எதிலும் சேராத ஒரு சுரம் வரும். எங்கள் பயிற்சி ஆசிரியர் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் முறைப்பார். வாகன் வில்லியம்ஸ் அதைத் திருத்த விரும்பவில்லை. இரண்டாம் பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஏறக்குறைய அசையாமல் நிற்க, ஒற்றை ட்ரம்பெட் நீண்ட தனி இசையாக அந்தத் தாழ்ந்த சுரத்தையே தொட்டுத் தொட்டு நிற்கிறது. சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வுகளை நாடாமல், குழாயிலிருந்து இயல்பாகப் பிறக்கும் சுரங்களில் மட்டுமே இதை வாசிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வால்வை அழுத்தினால் சுருதி சரியாகிவிடும். அந்த வீரர் காணாமல் போய்விடுவார்.

கட்டுரையில் ஒரு சிறு திருத்தமும் தேவைப்படுகிறது. அவருடைய முதற்பெயரை ‘ரால்ஃப்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் அப்படித்தான் வரும். ஆனால் அவர் தம்மை ‘ரேஃப்’ என்றே அழைக்கச் சொன்னவர்.

வாசகர்கள் இந்தச் சிம்பொனியைக் கேட்க விரும்பினால், முதல் நிகழ்ச்சியை நடத்திய போல்ட்டே 1950களில் லண்டன் பில்ஹார்மோனிக் குழுவோடு செய்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. பேருந்திலோ சமையலுக்கு இடையிலோ கேட்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். நான்கு பகுதிகளும் பெரும்பாலும் மெதுவாக, தணிந்த குரலில் நடப்பவை. கடைசிப் பகுதி மெல்லிய முரசதிர்வின் மீது ஒரு பெண்குரலோடு தொடங்குகிறது. அதற்குச் சொற்களே இல்லை. இரங்கற்பா எதையும் எடுத்துப் பாடவைக்காமல் வெறும் குரலை மட்டும் விட்டுவைத்ததை அவருடைய மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன். சிம்பொனி முடியும் இடத்தில், வயலின்கள் உச்சத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதே குரல் தொலைவிலிருந்து மீண்டும் வருகிறது. முதல் முறை கேட்டபோது அது எங்கே ஓய்ந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் கடைசிச் சுரம்வரை காதில் விழுந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாகர்கோவில்.