ஒரு சிலிண்டர் காணவில்லை, இன்னொன்றுக்குத் தவறான தோட்டா: புகார் கடிதம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், துப்பாக்கி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: .22 ரிவால்வரில் தோட்டாக்களைப் போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திருப்பித் தராதது, ஆபத்தான ஆலோசனை தந்தது.

ஐயா,

அப்பா வைத்திருந்த ரூகர் சிங்கிள் சிக்ஸ் ரிவால்வரின் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியதும், அதைச் சுத்தம் செய்து தரும்படி சென்ற மாதம் உங்கள் கடையில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுடும் வகை அது. கூடவே இரண்டு சிலிண்டர்கள்: ஒன்று .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவுக்கு, மற்றது .22 மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கு. இரண்டும் உங்கள் ரசீதில் எழுதப்பட்டுள்ளன. திரும்பி வந்தது மேக்னம் சிலிண்டர் மட்டும்தான்.

கேட்டபோது கவுன்டரில் இருந்த ஊழியர், "இது பெரிய சிலிண்டர் சார், எந்த .22 தோட்டாவும் போகும்" என்று சொல்லி, 50 லாங் ரைஃபிள் தோட்டாக்களை பில் போட்டுக் கொடுத்தார்.

சுடுதளத்தில் முதல் தோட்டாவைப் போட்டதுமே அது சிலிண்டரின் அறைக்குள் ஆடியது. சந்தேகப்பட்டு உங்கள் கடைக்கு போன் செய்தேன். "ஒன்றும் ஆகாது, சுடுங்க" என்றார்கள். சுட்டேன். தோட்டாவின் உலோகக் கூடு நெடுக்காகப் பிளந்து, சூடான புகை பின்பக்கமாகச் சீறி என் மணிக்கட்டில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பிளந்த கூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உள்ளே போய்விட்டால் பொருந்தியதாகிவிடுமா? லாங் ரைஃபிள் கூட்டின் விட்டம் சுமார் 5.7 மில்லிமீட்டர், மேக்னம் கூட்டுக்கு 6.1. நீளமும் 15.6-க்கு எதிராக ஏறக்குறைய 27. குண்டின் பருமன் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால்தான் ஒரே குழல் இரண்டுக்கும் உதவுகிறது. கூடு வேறு என்பதால்தான் சிலிண்டரை மாற்றுகிறோம். 1887-இல் வந்த லாங் ரைஃபிளையும் 1959-இல் வந்த மேக்னத்தையும் பிரித்தறியாதவரைத் தோட்டா விற்க உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி.

"அப்படியென்றால் மேக்னம் தோட்டாவே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது வேண்டாம். விலை அதிகம், சத்தம் அதிகம், நினைத்தபோது கிடைப்பதும் இல்லை. காகித இலக்கில் பழகும் எனக்கு லாங் ரைஃபிள் போதும். அப்பாவும் அதைத்தான் சுட்டார்.

வேறு சிலிண்டர் தருகிறோம் என்ற பேச்சும் வேண்டாம். இந்த ரிவால்வரோடு பொருத்திப் பார்த்துத் தரப்பட்ட சிலிண்டர் அது. வேறொன்றை மாட்டினால் அறையும் குழலும் நேராக நிற்குமா என்பதை யார் உறுதி சொல்வது? மேலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பாகங்களும் ஆயுதம்தான். அது யார் கையில் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

15 நாட்களுக்குள் என் சிலிண்டரைத் தேடிக் கொடுங்கள். தோட்டாவுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். ரிவால்வருக்குச் சேதம் இல்லை என்று தகுதியான ஆயுதப் பழுதுபார்ப்பாளர் சோதித்து எழுதித் தரட்டும், அதன் செலவும் உங்களுடையது. "எந்த .22 தோட்டாவும் போகும்" என்று சொல்லி வேறு யாருக்காவது தோட்டா விற்றிருந்தால், இன்றே போன் செய்து அவர்களைத் தடுத்துவிடுங்கள். தவறினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்