ஆறு மணிக்கு விருந்து: ரியோகானில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஜப்பான் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களில் பலர் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறீர்கள். ரியோகான் என்கிற பாரம்பரிய வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கப் போவது ஒரே ஒரு ராத்திரி, அதற்கு ஏன் இவ்வளவு பணம்? அன்றைக்கு மட்டும் ஏன் மத்தியானத்தோடு ஊர் சுற்றுவதை நிறுத்திவிடுகிறீர்கள்? போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். போன முறை ஒரு குழுவுக்கு வழியில் இன்னும் ஒரு இடத்தைக் காட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டு, இரவு ஒன்பது மணிக்குத்தான் விடுதி வாசலில் கொண்டுபோய் இறக்கினோம். சமையலறையை மூடிவிட்டார்கள். முழு விருந்துக்கும் பணம் கட்டியவர்கள் பையிலிருந்த முறுக்கையும் தட்டையையும் கொறித்துவிட்டுப் படுத்தார்கள். விடுதிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒவ்வொரு கிண்ணமும் வருகிற ஆட்களை எண்ணி, நேரம் பார்த்துச் செய்வது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாததற்கும் காரணம் அதுதான்.

ரியோகானில் மூன்று மணி வாக்கில் போய்ச் சேர வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவீர்கள். அறையில் தாத்தாமி பாய் விரித்த தரை, ஒரு குட்டை மேசை, தேநீர், ஒரு சின்ன இனிப்பு. அவ்வளவுதான். கட்டில் எங்கே என்று தேடாதீர்கள். நீங்கள் ஆறு, ஆறரைக்குச் சாப்பிடப் போகும்போது பணியாளர்கள் வந்து மெத்தை விரித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், தூங்கப் போகும் முன் ஒன்று, விடிந்ததும் ஒன்று. காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய இடம் அந்த விடுதியேதான். இரவு தாமதமாகப் போய்ப் படுத்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் சாதாரண ஹோட்டலே போதும், காசாவது மிஞ்சும்.

வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரண்டு வேளைச் சாப்பாடும் அதில் அடக்கம். ஒருவருக்கு 20,000 யென் என்பது நடுத்தர விடுதியிலேயே வந்துவிடும். ஒரே அறையில் நான்கு பேர் படுத்தாலும் பெரிதாகக் குறையாது. குளியல் வரி தனி. பெரும்பாலான ஊர்களில் தலைக்கு 150 யென். டிப்ஸ் வேண்டாம், கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

அடுத்தது சைவம். எங்களுக்கு அதிகம் தலைவலி கொடுப்பது இதுதான். 'மீன் வேண்டாம்' என்று சொன்னால் தட்டில் இருக்கும் மீனை எடுத்துவிடுவார்கள். ஆனால் சூப், குழம்பு, வேகவைத்த காய், முட்டை என்று எல்லாவற்றுக்கும் அடியில் டாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் இறக்கியது. சமைப்பவர் கணக்கில் அது மீனே அல்ல, நமக்குப் புளிக்கரைசல் மாதிரி. அதனால்தான் சாப்பாட்டுப் படிவத்தை மூன்று வாரம் முன்பே கேட்கிறோம். கடற்பாசியிலும் காளானிலும் சாறு இறக்கித் தருகிற விடுதிகள் உண்டு, ஆனால் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால்தான். துளிகூட மீன் படக் கூடாது என்பவர்களுக்கு எங்கள் யோசனை வேறு: கோயாசான் மலையில் கோயில் விடுதியில் தங்குங்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் இடம் தருகிறார்கள், துறவிகளின் மரக்கறி உணவு. ஊற்றுக் குளியலை வேறொரு நாள் பகலில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, குளியல். பொதுக் குளத்தில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சல் உடைக்கும் அனுமதி இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறை பல விடுதிகளில் உண்டு, சொன்னால் பதிவு செய்துவிடுவோம். இறங்கும் முன் குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் அதையும் போக்கிவிட்டு முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குளத்துநீர் ஊறுவதற்கு மட்டுமே. நாற்பது, நாற்பத்திரண்டு டிகிரி இருக்கும், முதல் தடவை பத்து நிமிடம் போதும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்று: பல விடுதிகளில் ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். நேற்று போன ஞாபகத்தில் காலையில் நுழைந்துவிடாமல், எந்தப் பக்கம் யாருக்கு என்று வாசல் திரையைப் பாருங்கள்.

விடுதியில் தரும் யுகாதா அங்கியில் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டுகிற முறை. பணியாளர் ஓடிவந்து திருத்துவார், அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உலகின் மிகப் பழைய விடுதியில் தங்க வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். கின்னஸ் ஏற்ற அந்த விடுதி யமானாஷி மாகாணத்தில் இருக்கிறது, 705இல் தொடங்கியது. ஆனால் அது மலைப் பள்ளத்தாக்கின் உள்ளே, போய்வரவே ஒரு நாள் போய்விடும். முதல் தடவை போகிறவர்களுக்குக் கினோசாகிதான் எங்கள் தேர்வு. கியோத்தோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். வில்லோ மரங்கள் நிற்கிற ஒரு சிற்றாறு, ஏழு பொதுக் குளியல் இல்லங்களுக்குப் பேர்போன ஊர். விடுதியில் தங்குபவர்களுக்கு அவற்றில் இலவசம். மரச்செருப்பும் யுகாதாவுமாகத் தெருவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகலாம். பச்சை குத்தியவர்களை வேறு பல ஊர்களில் உள்ளே விடமாட்டார்கள், இங்கே அந்தத் தொல்லையும் இல்லை.

கடைசியாக நகை விஷயம். எல்லா ஊற்றிலும் கந்தகம் இருக்காது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் ஊறினாலே அது ஒன்சென்தான், அதாவது வெந்நீர் ஊற்றுதான். ஆனால் குசாட்சு மாதிரி கந்தக நீர் உள்ள ஊர்களில் வெள்ளி கறுத்துவிடும். கொலுசைக் கழற்றிவிடலாம், மெட்டிதான் பலருக்குச் சிக்கல். கழற்ற வராது, அல்லது கழற்ற மனமில்லை என்றால் படிவத்தின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். கந்தகம் இல்லாத ஊராகப் பார்த்துப் பதிவு செய்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்